கல்லின் ஓரம்

பெங்களூரில் ஒரு சிறிய வீடு. சமையலறையில் மேடை கட்டியாகிவிட்டது. அதன் மேல் கிரானைட் பதிக்க வேண்டும். வீட்டுக்காரர் ஜிகணிப் பக்கம் போய் வந்தார். அங்கே கல் அறுக்கும் பட்டறைகள் நிறைய உண்டு. மிச்சத் துண்டுகள் மலிவாகக் கிடைத்தன. நான்கு துண்டுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

கல்லின் மேல்புறம் கண்ணாடி போல மின்னுகிறது. ஆனால் ஓரம்? வெட்டிய இடம் சாம்பல் பூத்தது போல இருக்கிறது. விரலை வைத்தால் கீறுகிறது.

"ஓரத்துக்குப் பாலிஷ் போட அடிக்கணக்கில் கூலி கேட்கிறாங்க. மெஷினை வாடகைக்கு எடுத்து நாமே போட்டுக்கலாம்" என்கிறார் அவர்.

"ஏங்க, எங்கே வெச்சுப் போடுவீங்க? தொட்டிலில் பிள்ளை தூங்குது. கொடியில் துணி காயுது" என்கிறார் மனைவி.

இருவர் சொல்வதும் சரிதான். ஓரத்துக்கு வீட்டிலேயே பாலிஷ் போடலாம். ஆனால் எங்கே, எப்படி என்று தெரிந்துகொண்டு போட வேண்டும். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கல்லுக்குள் என்ன இருக்கிறது?

பெங்களூரே கல்லின் மேல் இருக்கும் ஊர். லால்பாக் தோட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே ஒரு பெரிய பாறை உண்டு. அதன் உச்சியில் கெம்பே கௌடரின் பெயரைச் சொல்லும் சிறு கோபுரம் நிற்கிறது. அந்தப் பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள் என்று நிலவியல் அறிஞர்கள் சொல்கிறார்கள். விதான சௌதாவும் கருங்கல் கட்டடம்தான். 1951இல் அடிக்கல் நாட்டி, 1956இல் கட்டி முடித்தார்கள்.

ஒரு கிரானைட் துண்டைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரியும். வெள்ளையாக அல்லது இளஞ்சிவப்பாக இருப்பது ஃபெல்ஸ்பார். கறுப்பாக மினுமினுப்பது பெரும்பாலும் காக்காப்பொன், அதாவது மைக்கா. கண்ணாடிச் சில்லு போலத் தெரிவது குவார்ட்ஸ். தட்டினால் நெருப்புப் பொறி பறக்குமே, அந்த வெள்ளைக் கல்லும் குவார்ட்ஸ்தான். இது முழுக்க முழுக்கச் சிலிக்கா என்னும் பொருளால் ஆனது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். பின்னால் வரும்.

கடையில் 'கறுப்பு கிரானைட்' என்று விற்கிறார்களே, அது உண்மையில் வேறு வகைப் பாறை. அதில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. ஆனாலும் வியாபாரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். எந்தக் கல்லில் எவ்வளவு சிலிக்கா என்று பார்வையில் சொல்ல முடியாது. ஆகையால் எல்லாக் கல்லையும் ஒரே மாதிரி எச்சரிக்கையோடு தொடுவதே நல்லது.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது?

பலர் பாலிஷ் என்றால் மேலே ஏதோ பூசுவது என்று நினைக்கிறார்கள். மரத்துக்கு வார்னிஷ் பூசுகிறோம். கல் அப்படி இல்லை. கல்லின் பளபளப்பு தேய்ப்பதால் வருவது.

வெட்டிய ஓரம் ஏன் மங்கலாக இருக்கிறது? அதில் ஆயிரக்கணக்கான கீறல்கள் இருக்கின்றன. விளக்கு வெளிச்சம் அவற்றில் பட்டு நாலா பக்கமும் சிதறுகிறது. அதனால் மங்கலாகத் தெரிகிறது. பெரிய கீறலைச் சிறிய கீறலாக மாற்ற வேண்டும். சிறியதை இன்னும் சிறியதாக மாற்ற வேண்டும். கடைசியில் கீறல் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் போய்விடும். அப்போது வெளிச்சம் சிதறாமல் நேராகத் திரும்பி வருகிறது. முகம் தெரிகிறது.

இதற்காக வைரத் தூள் பதித்த பேடுகள் விற்கிறார்கள். அவற்றின் மேல் எண் போட்டிருக்கும். 50, 100, 200, 400, 800, 1500, 3000. எண் ஏற ஏறத் தூள் நைசாகும். 50 கரடுமுரடாகத் தேய்க்கும். 3000 பட்டுத் துணி போலத் தடவும்.

அவசரக்காரர்கள் 50 போட்டுவிட்டு நேராக 800க்குத் தாவுவார்கள். அது நடக்காது. 50 போட்ட ஆழமான கீறலை 800ஆல் அழிக்க முடியாது. மினுமினுப்புக்கு நடுவில் கோடு கோடாகத் தெரியும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

தேய்த்த கல் எங்கே போகிறது?

தேய்ந்த கல் மாயமாகிவிடுவதில்லை. அது தூசியாகிறது. உளியால் கொத்தினாலும் தூசி வரும், நோயும் வந்திருக்கிறது. ஆனால் சிறிய கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. அது கல்லை மாவை விட நைசாக்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைப் புழுதி கொஞ்ச நேரத்தில் தரையில் படியும். ஆபத்தானது அது அல்ல. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தூசி இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்விடும்.

அங்கே போன சிலிக்கா கரையாது. உடம்பால் அதை வெளியே தள்ளவும் முடியாது. நுரையீரலில் தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த இடம் சுருங்கி விரியாது. இதுதான் சிலிக்கோசிஸ் என்னும் நோய். முதலில் இருமல். பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அதன் பிறகு உட்கார்ந்திருந்தாலே வாங்கும். வந்த தழும்பை ஆற்ற மருந்து கிடையாது. இந்த நோய் உள்ளவர்களுக்குக் காசநோயும் எளிதில் பிடிக்கும்.

பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில் கோலார் தங்கவயல் இருக்கிறது. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தங்கம் குவார்ட்ஸ் கல்லுக்குள் இருந்தது. கல்லைத் துளைத்தால் சிலிக்காத் தூசி பறந்தது. 1940களில் அங்கே தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பத்துப் பேரில் நான்கு பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்தது. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அந்த ஊரில் தாத்தாவின் இருமலைப் பற்றிப் பேசும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

அது சுரங்கம், இது வெறும் நாலு அடி ஓரம் என்று நினைக்கலாம். ஒரு நாள் வேலையில் நோய் வந்துவிடாதுதான். பெரும்பாலும் பல ஆண்டு மூச்சில்தான் வரும். தூசி அளவுக்கு மீறினால் சில ஆண்டுகளிலேயே வருகிறது. ஆனால் ஒரு வீட்டு மேடையைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் கூப்பிடுவார்கள். பிறகு அதுவே தொழிலாகிவிடும். கல் வேலைக்கு வந்தவர்கள் பலர் இப்படித்தான் வந்தார்கள். மேலும், பட்டறையில் பறக்கும் தூசி வேலை செய்பவர் மேல் படுகிறது. வீட்டில் பறக்கும் தூசி தொட்டிலிலும் படுகிறது.

இப்போது குவார்ட்ஸ் பலகை என்று ஒன்று கடைகளுக்கு வந்திருக்கிறது. கல் தூளைப் பசையோடு சேர்த்து ஆலையில் செய்வது. அதில் பெரும்பாலான வகைகளில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. ஆஸ்திரேலியாவில் இளம் தொழிலாளர்கள் பலர் இந்தப் பலகையை அறுத்து நோயாளியானார்கள். அந்த நாடு 2024 ஜூலை 1 முதல் இதற்குத் தடை போட்டுவிட்டது. வீட்டில் வைத்து அறுக்கவே கூடாத பலகை இது.

தண்ணீர்தான் காவல்

தூசியைப் பறக்கவிடாமல் பிடிக்க எளிய வழி தண்ணீர். ஈரக் கல்லைத் தேய்த்தால் தூசி சேறாக வடிந்துவிடும். கல்லும் சூடாகாது. பேடும் சீக்கிரம் கெடாது.

ஆனால் தண்ணீர் வந்தால் இன்னொரு ஆபத்தும் வருகிறது. அது மின்சாரம். சாதாரண கிரைண்டரின் உடம்பில் காற்றுத் துளைகள் இருக்கும். அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் துளை வழியே உள்ளே போகும். ஷாக் அடிக்கும். ஒருவர் மெஷின் பிடிக்க, இன்னொருவர் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். அது உயிரோடு விளையாடுவது.

தண்ணீர்க் குழாய் பொருத்திய பாலிஷ் மெஷின் தனியாக உண்டு. தண்ணீர் பேடின் நடுவிலிருந்து வரும். வேகத்தையும் குறைத்து வைக்கலாம். வாடகைக்கு எடுத்தால் அதைத்தான் கேட்டு வாங்குங்கள். வைர பேடுகள் பெரும்பாலும் கிரைண்டரின் முழு வேகத்தைத் தாங்காது. தாங்கும் வேகத்தைப் பேடின் பின்புறத்திலோ அட்டையிலோ அச்சிட்டிருப்பார்கள். படித்துப் பாருங்கள்.

வீட்டு மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனம் இருக்கிறதா? 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்க வேண்டும். மின்சாரம் உடம்பு வழியே கசிந்தால் அது கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழுந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். அது இல்லாத வீட்டில் ஈர வேலைக்கு மெஷின் வேண்டாம்.

வேண்டாம் என்றால் ஓரம் அப்படியே கிடக்க வேண்டுமா? இல்லை. கையால் பிடித்துத் தேய்க்கும் வைரக் கட்டைகள் கிடைக்கின்றன. பக்கெட் தண்ணீரில் தோய்த்துத் தேய்க்கலாம். கை வலிக்கும், நேரமும் ஆகும். ஆனால் நாலைந்து டைல்ஸ் ஓரத்துக்கு இது போதும். எனக்குக் கேட்டால் வீட்டுக்கு இதுதான் ஏற்றது.

வேலை

வேலையைத் திறந்த வெளியில் வையுங்கள். கல்லைச் சமமான பலகை மேல், ஈரச் சாக்கு விரித்து வையுங்கள். ஓரம் மட்டும் ஒரு விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். டைல்ஸ் மெல்லியது. அதிகம் நீட்டினால் உடையும்.

துண்டு, முந்தானை, தொங்கும் சட்டைக் கை எதுவும் மெஷின் அருகில் வரக் கூடாது. கண்ணாடி அணியுங்கள். மூக்கில் கைக்குட்டை கட்டுவது வீண். கண்ணுக்குத் தெரியாத தூசி அதன் வழியே தாராளமாகப் போகும். 2020இல் கொரோனா வந்தபோது என்95 முகக்கவசம் எல்லோருக்கும் பழக்கமானது. தண்ணீர் போட்டாலும் அதையும் அணியுங்கள். தாடி இருந்தால் அது முகத்தில் ஒட்டி உட்காராது.

முதலில் கூர் முனையைச் சாய்வாக எடுங்கள். ஓரம் உருண்டையாக வேண்டுமா? ஒரேயடியாக உருட்ட முயன்றால் அலை அலையாக வரும். முதலில் ஒரு சாய்வு. பிறகு அதன் மேலும் கீழும் இரண்டு சிறிய சாய்வுகள். இப்போது முனைகள் மழுங்கியிருக்கும். அவற்றைத் தடவிவிட்டால் தானாக உருண்டுவிடும். அழுத்தாதீர்கள். கை நிற்காமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வர வேண்டும். நின்ற இடம் பள்ளமாகும்.

மொத்த நேரத்தில் பாதி 50ஆம் எண்ணுக்கே போகும். போகட்டும். அங்கே சரியாக வந்தால் மற்றவை சுலபம். ஒவ்வோர் எண் முடிந்ததும் கல்லையும் கையையும் கழுவுங்கள். 50இன் ஒரு துகள் ஒட்டியிருந்தால் போதும், 800இல் கோடு போட்டுவிடும்.

இன்னொன்று, ஈரக் கல் பொய் சொல்லும். தண்ணீர் கீறலை மூடிக்கொள்வதால் எல்லாம் மின்னுவது போலத் தெரியும். துடைத்து, காயவைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பாருங்கள். அப்போதுதான் உண்மை தெரியும்.

கல் வேலை செய்பவர் இருமலுக்கு மருத்துவரிடம் போனால், தன் தொழிலைக் கட்டாயம் சொல்ல வேண்டும். "நான் கல் அறுக்கிறவன், இத்தனை ஆண்டாக" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் காசநோய்க்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பிவிடக்கூடும்.

வேலை முடிந்ததும் கஞ்சி போன்ற சேறு மிஞ்சும். அதைத் தரையில் காயவிடாதீர்கள். காய்ந்தால் அது மறுபடியும் தூசிதான். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும். வாளியில் தெளியவிடுங்கள். மேல் தண்ணீரை அடுத்த கல்லுக்குப் பயன்படுத்தலாம். அடியில் தங்கிய சேற்றை ஈரமாகவே பையில் கட்டி, கட்டடக் கழிவோடு சேர்த்துவிடுங்கள். போட்டிருந்த துணியை உதறாமல் நேராகத் தண்ணீரில் போடுங்கள். குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.