ஏவும் நாளில் கைதட்டல், ஆராயும் நாளில் கைவிரிப்பு

மனிதன் நிலவில் கால் வைத்த காலத்தில் அமெரிக்கா முழுவதும் விண்வெளிப் பித்துப் பிடித்து அலைந்தது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் கால மக்கள் கருத்துக் கணிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ரோஜர் லானியஸ் 2003-ல் எழுதியது இந்த நினைப்புக்கு நேர் எதிரானது. 1960-களில் பெரும்பாலும் அமெரிக்கர்களில் பாதிப் பேருக்குமேல் அப்போலோ திட்டம் செலவுக்குத் தகுதியானது என்று கருதவில்லை. 1969-ல் நிலவில் இறங்கியதை ஒட்டித்தான் ஆதரவு பாதியைத் தாண்டியது. அதுவும் 53 சதவீதம். ஆனாலும் 1966-ல் அந்நாட்டு அரசின் மொத்தச் செலவில் ஏறத்தாழ 4.4 சதவீதம் நாசாவுக்குப் போனது. இன்று அது அரை சதவீதம்கூட இல்லை. அன்றைய பணம் மக்கள் ஆர்வத்தால் வரவில்லை, சோவியத் ஒன்றியத்தின் மீதிருந்த அச்சத்தால் வந்தது. ரஷ்யர்களை முந்துவதுதான் முக்கியம், மற்றபடி விண்வெளியில் தனக்குப் பெரிய நாட்டமில்லை என்று அதிபர் கென்னடியே 1962-ல் நாசா தலைவரிடம் சொன்னது ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. 1969-ல் முந்தியாயிற்று, அடுத்த ஆண்டே திட்டத்தின் கடைசி மூன்று நிலவுப் பயணங்களை ரத்து செய்தார்கள். நிலவில் நடந்த 12 பேரில் தொழில்முறை அறிவியலாளர் ஒரே ஒருவர், புவியியலாளர் ஹாரிசன் ஷ்மிட். அவரும் கடைசிப் பயணத்தில்தான் போனார்.

கோள் ஆராய்ச்சிக்கான பணம் சுருங்குவது பற்றி வானியலாளர் கார்ல் சேகனுக்கு இருந்த கவலையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். 1980-ல் அவருடைய ‘காஸ்மாஸ்’ தொலைக்காட்சித் தொடரைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். வாயேஜர் விண்கலங்கள் வியாழனையும் சனியையும் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தன. அதே நேரத்தில் வாஷிங்டனில், கோள் ஆராய்ச்சியில் மக்களுக்கு அக்கறை இல்லை என்று காரணம் காட்டி அதற்கான பணத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். இது பொய் என்று காட்டுவதற்காகவே புரூஸ் முர்ரே, லூயி ஃபிரீட்மன் இருவரோடும் சேர்ந்து அவர் கோள் ஆராய்ச்சிக்கென ஒரு மக்கள் சங்கத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே ஒரு லட்சம் பேருக்குமேல் சந்தா கட்டிச் சேர்ந்தார்கள். அப்படியும் 1978-ல் வெள்ளிக்குக் கலம் அனுப்பிய அமெரிக்கா, அடுத்த கோள் ஆய்வுக் கலத்தை 1989-ல்தான் அனுப்பியது. இடையில் 1986-ல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தது. ஐரோப்பா, சோவியத் ஒன்றியம், ஜப்பான் எல்லோரும் அதன் அருகே கலம் அனுப்பினார்கள். அதற்கென்று ஒரு கலம்கூட அனுப்பாமல் இருந்தது நிலவுக்குப் போய்வந்த நாடு. ஆக, ஆர்வம் இல்லாததல்ல சிக்கல். ஆர்வத்தின் ஆயுளும் ஆராய்ச்சியின் ஆயுளும் ஒத்துப்போகாததுதான் சிக்கல். கைதட்டல் ஒரு நாளுக்கு, ஒரு வாரத்துக்கு வரும். ஆராய்ச்சிக்கு இருபது, முப்பது ஆண்டுகள் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

1981-ல் நடந்ததைவிட இதற்குத் தெளிவான சாட்சி கிடையாது. ரீகன் அரசு புதிதாகப் பதவியேற்றுச் செலவுகளை வெட்டிக்கொண்டிருந்தது. கோள் ஆராய்ச்சியை மொத்தமாகக் கைவிடலாம் என்ற யோசனை நாசாவிலிருந்தே கடிதமாக எழுதப்பட்டது. வியாழனுக்குப் போகவிருந்த கலிலியோ கலம் வெட்டுப் பட்டியலில் இருந்தது. சனியைக் கடந்துவிட்ட வாயேஜர்-2-ஐ யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் போய்ச் சேரும் முன்பே கைவிடலாமா என்றும் பேசினார்கள். கலம் கட்டி முடிந்துவிட்டது, ஏவியாயிற்று, நான்கு ஆண்டுகளாக ஓடிக்கொண்டும் இருக்கிறது. மிச்சம் ஆகப்போவது அதைக் கவனித்துக்கொள்ளும் ஆட்களின் சம்பளமும் பூமியில் இருக்கும் ஆண்டெனாக்களின் செலவும்தான். வெளிக்கோள்கள் நான்கும் ஒரே கலம் அடுத்தடுத்துக் கடக்க வாகாக வரிசையில் அமைவது ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்கு ஒருமுறை. கல்யாணத்துக்கு லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு, குடித்தனம் நடத்த அரிசி வாங்கும்போது கணக்குப் பார்க்கிற கதைதான் இது. விஞ்ஞானிகளும் அவர்கள் பக்கம் நின்ற சில அரசியல்வாதிகளும் போராடி வாயேஜரையும் கலிலியோவையும் காப்பாற்றினார்கள்.

கவனித்துக்கொள்வது என்றால் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது என்று நினைக்கக் கூடாது. வாயேஜர்-2-இன் முதன்மை ரேடியோ வாங்கி 1978-லேயே செத்துப்போயிற்று. மாற்று வாங்கியும் அரை உயிர்தான்: பூமியிலிருந்து வரும் அலைவரிசை சற்று நகர்ந்தால் அதைத் தொடர்ந்து பிடிக்கும் திறன் அதற்கு இல்லை. கலத்தின் வெப்பநிலை சிறிது மாறினாலும் அது கேட்கும் அலைவரிசை மாறிவிடும். எனவே ஒவ்வொரு கட்டளையையும் அனுப்புமுன் அது இப்போது எந்த அலைவரிசையில் காது கொடுத்திருக்கும் என்று இங்கே கணக்குப் போட வேண்டியிருந்தது. சனியைத் தாண்டியதும் கேமராக்களைத் திருப்பும் மேடை சிக்கிக்கொண்டது. மசகு போதாமல் பல்சக்கரம் இறுகிவிட்டது என்று கண்டுபிடித்து, மெதுவாகத் திருப்பினால் ஓடும் என்று தேற்றினார்கள். யுரேனஸில் சூரிய ஒளி பூமியில் இருப்பதில் ஏறத்தாழ 400-ல் ஒரு பங்கு. அந்த மங்கலில் படமெடுக்க கேமராவை நீண்ட நேரம் திறந்து வைத்தாக வேண்டும், ஆனால் கலமோ பறந்துகொண்டிருக்கிறது. படம் கலங்காமல் இருக்க, எதிர்ப்பட்ட நிலவுக்கு ஏற்றாற்போல் முழுக் கலத்தையுமே மெல்லத் திருப்பக் கற்றுக்கொடுத்தார்கள். படங்களைச் சுருக்கி அனுப்பப் புது மென்பொருள் எழுதி ரேடியோ வழியாகவே ஏற்றினார்கள். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியை கான்பரா ஆண்டெனாக்களோடு இணைத்து அந்த மெல்லிய சமிக்ஞையைப் பிடித்தார்கள். 1986 ஜனவரி 24 அன்று கலம் யுரேனஸை நெருங்கிக் கடந்தது; அந்தச் சந்திப்பை ஒட்டி அதற்குப் பத்துப் புது நிலவுகள் கிடைத்தன. சுழல் அச்சிலிருந்து ஏறத்தாழ 59 டிகிரி சாய்ந்த காந்தப்புலம் ஒன்று, யாரும் எதிர்பாராதது, தெரியவந்தது. 1989-ல் நெப்டியூனின் டிரைடன் நிலவில், கடுங்குளிரிலும் நைட்ரஜன் பீறிட்டு எழுவதைப் பார்த்தோம். 1981-ல் அந்தச் சம்பளப் பட்டியலைக் கிழித்திருந்தால் இவற்றில் ஒன்றும் பாடப்புத்தகத்தில் இருந்திருக்காது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மனிதர்கள் பறப்பதால்தான் மக்கள் விண்வெளியைத் திரும்பிப் பார்க்கிறார்கள், அந்த வெளிச்சத்தில்தான் அறிவியலுக்கும் நாலு காசு கிடைக்கிறது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. பழுதான கண்ணாடியோடு மேலே போன ஹப்பிள் தொலைநோக்கியைச் சரிசெய்தவர்கள் விண்வெளி வீரர்கள்தான். 1993 முதல் 2009 வரை ஐந்து முறை போய்வந்தார்கள். ஆனால் மனிதப் பயணத்தோடு அறிவியலைக் கட்டிப்போட்டதற்குக் கொடுத்த விலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாயேஜர் யுரேனஸைக் கடந்த நான்காம் நாள் சாலஞ்சர் விண்ணோடம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே விண்ணோடத்தில் கிளம்பவிருந்த கலிலியோ மூன்று ஆண்டுகளுக்குமேல் காத்துக் கிடந்தது. லாரியில் ஏற்றி அமெரிக்காவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அலைக்கழித்தார்கள். கடைசியில் 1991-ல் விண்வெளியில் அதன் பெரிய குடை ஆண்டெனாவை விரிக்கச் சொன்னபோது அது முழுக்க விரியவில்லை. அந்தப் பயணங்களில் மசகு தேய்ந்து போனதே காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. சிறிய ஆண்டெனாவை வைத்துக்கொண்டு, திட்டமிட்ட வேகத்தில் பல நூறில் ஒரு பங்கில் தகவல் அனுப்பியே அது தன் வேலையை முடித்தது. இன்னொன்றும் உண்டு. 2004-ல் ஹப்பிளின் கடைசிப் பழுதுபார்ப்பை நாசா ரத்து செய்தபோது பொதுமக்களே கொதித்தெழுந்தார்கள், முடிவு மாறியது. மனிதர் ஏறாத ஒரு கருவிக்காகவும் மக்கள் குரல் கொடுப்பார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அடுத்த மறுப்பு, ஏழைக்குச் சோறு இல்லாதபோது வானத்துக்கு எதற்குப் பணம் என்பது. இதைக் கேலியாக ஒதுக்கக் கூடாது. 1969-ல் அப்போலோ-11 கிளம்பும் முந்தைய நாள், மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபெர்நதி ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதை வண்டியையும் கூட்டிக்கொண்டு ஏவுதளத்துக்கே வந்து இதைக் கேட்டார். நாசா தலைவர் தாமஸ் பெயின் வெளியே வந்து, ராக்கெட்டை நிறுத்தினால் வறுமை தீரும் என்றால் நிறுத்திவிடுகிறோம் என்று பதில் சொன்னார். பதில் சாமர்த்தியமானது, கேள்வி அப்படியே நிற்கிறது. என் கணக்கு வேறு. அபெர்நதியின் கேள்வி மிகப் பெரிய செலவுகளின் மேல்தான் விழ வேண்டும், ஆனால் வெட்டு விழுவது எப்போதும் சிறியவற்றின் மேல். வேற்றுக்கோள் உயிர்களின் ரேடியோ சமிக்ஞையைத் தேடும் திட்டத்துக்கு 1978-ல் செனட்டர் பிராக்ஸ்மையர் வீண்செலவு விருது கொடுத்தார், பிறகு பணத்தையே நிறுத்தினார். சேகன் நேரில் போய்ப் பேசி அவர் மனதை மாற்றினார். 1992-ல் நாசாவே அந்தத் தேடலைப் பெரிதாகத் தொடங்கியது. ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி டாலர், நாசா பணத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மறு ஆண்டே இன்னொரு செனட்டர் அதைச் செவ்வாய் மனிதர் வேட்டை என்று சிரித்து ஒழித்தார். மிச்சமான அந்தத் தொகை எந்த ஏழை வீட்டு அடுப்புக்கும் போனதாக நான் அறியேன்.

வானியலாளர்களும் சுத்தம் அல்ல. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி திட்டமிட்டதைவிடப் பல மடங்கு இழுத்து 1,000 கோடி டாலரில் வந்து நின்றது. 2011-ல் அதை ரத்து செய்யும் அளவுக்குப் போனது. பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் சேகரித்த பாறைகளை பூமிக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு 800 முதல் 1,100 கோடி டாலர் வரை ஆகும் என்று 2023-ல் ஒரு சுயேச்சைக் குழு மதிப்பிட்டது. அந்தப் பாறைத் துண்டுகள் சுருட்டு அளவுள்ள டைட்டானியம் குழாய்களில் அடைக்கப்பட்டு, அவற்றில் பத்து செவ்வாயின் தரையிலேயே கிடக்கின்றன. எடுத்துவர இன்று திட்டம் இல்லை. குறைத்துச் சொல்லிப் பணம் வாங்கிவிட்டுப் பிறகு கூட்டிக் கேட்கும் பழக்கம், நேர்மையாகக் கேட்பவர்களையும் சந்தேகத்துக்கு ஆளாக்குகிறது. அதைத் திருத்த வேண்டியவர்கள் விஞ்ஞானிகள்தான்.

2025 மே மாதம் வெள்ளை மாளிகை நாசாவின் அறிவியல் நிதியை ஏறத்தாழ 730 கோடி டாலரிலிருந்து 390 கோடியாக, கிட்டத்தட்டப் பாதியாக, வெட்டச் சொன்னது. அதே அறிக்கை மனிதரைச் செவ்வாய்க்கு அனுப்பும் முயற்சிகளுக்கு 100 கோடிக்குமேல் புதிதாகக் கேட்டது. நிறுத்தச் சொன்ன நாற்பதுக்கும் மேற்பட்ட திட்டங்களில், புளூட்டோவைக் கடந்து போய்க்கொண்டிருக்கும் நியூ ஹொரைசன்ஸும் வியாழனைச் சுற்றும் ஜூனோவும் இருந்தன. இரண்டுமே நன்றாக வேலை செய்யும் கலங்கள். நாசாவின் முன்னாள் அறிவியல் தலைவர்கள் ஏழு பேர் சேர்ந்து எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். 2026 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் வெட்டை ஏற்காமல் ஏறத்தாழ பழைய நிதியையே தந்தது. ஆனால் அதற்குள் சுமார் 4,000 ஊழியர்கள் நாசாவை விட்டு விலக ஒப்புக்கொண்டிருந்தார்கள். 1981-ல் காப்பாற்றியது ஒரு கலத்தை மட்டுமல்ல, அதன் பழுதுகளை அறிந்த ஆட்களையும்தான். இந்த முறை பணம் திரும்பி வந்தது, ஆட்கள் வரவில்லை. தனியார் ராக்கெட்டுகள் இந்த இடத்தை நிரப்பும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேலே ஏற்றிவிடும் கூலியை அவர்கள் குறைத்திருக்கிறார்கள், அது நல்லதே. முப்பது ஆண்டு காத்திருந்து ஒரு காந்தப்புலத்தை அளப்பதில் லாபம் பார்க்கும் நிறுவனம் ஒன்றும் இல்லை. 2022-ல் அமெரிக்க அறிவியல் கழகங்கள், அடுத்த பத்தாண்டுகளின் முதல் பெரும்பணியாக யுரேனஸைச் சுற்றிவரும் கலத்தைப் பரிந்துரைத்தன. அதைக் கட்டும் வேலை இன்னும் தொடங்கவில்லை. வாயேஜர்-2-க்குப் பிறகு யுரேனஸ் பக்கம் எந்த நாட்டின் கலமும் போகவில்லை.