பழைய போன்ல சவுண்டு பின்னாடி வருதா? புது போனுக்கு இஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி இந்த டெஸ்ட்டைப் பண்ணுங்க



வீடியோவுல உதடு முதல்ல அசையுது, பேச்சு அப்புறமா வருது. நாலு வருஷப் பழைய போன்னா உடனே, "இதுக்கு வயசாயிடுச்சு, மாத்திடலாம்"னு தோணும். ஆனா இந்தப் பிரச்சினை பெரும்பாலும் பைசா செலவில்லாம சரியாகும்.

முதல்ல மாத்துற செலவைப் பார்த்துடுவோம். 18,000 ரூபாய் போன், கிரெடிட் கார்டுல 9 மாச 'நோ காஸ்ட் இஎம்ஐ', மாசம் 2,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. இதுல வட்டி இல்லாம இல்ல. வட்டித் தொகையை முன்கூட்டியே தள்ளுபடியா காட்டுறாங்க, அவ்வளவுதான். வட்டி 15% னா அது சுமார் 1,075 ரூபாய். அதுக்கு 18% ஜிஎஸ்டி உங்க தலையில. பிராசசிங் ஃபீ 199 ரூபாய்னா அதுக்கும் ஜிஎஸ்டி. மொத்தம் 425 ரூபாய்க்கு மேல கூடுதல். சம்பள வருமானத்துல இருந்து போன் விலையைச் செலவா கழிக்கவும் முடியாது.

கைதட்டல் டெஸ்ட்

கேமராவை ஆன் பண்ணி ஒரு தடவை கை தட்டுங்க. பத்து நிமிஷம் ஓடவிட்டு மறுபடி தட்டுங்க. இப்போ இயர்பட்ஸைக் கழட்டிட்டு, போன் ஸ்பீக்கர்லயே போட்டுப் பாருங்க. ரெண்டு தட்டலும் சரியா இருந்தா, கேமராவும் மைக்கும் நல்லா இருக்குன்னு அர்த்தம்.

அடுத்து, பிரச்சினை வர்ற வீடியோவையே பாருங்க. இடைவெளி ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே அளவா இருக்கா, இல்ல போகப்போக அதிகமாகுதா? காரணம் இங்கதான் பிரியுது.

ஒரே அளவா இருந்தா: ப்ளூடூத்தைச் சந்தேகப்படுங்க

போன் சவுண்டைச் சுருக்கி அனுப்பி, இயர்பட்ஸ் அதை விரிச்சு ஒலிக்கிறதுக்குள்ள 100 முதல் 300 மில்லிசெகண்ட் போயிடும். சவுண்டு 125 மில்லிசெகண்ட் பிந்தினாலே மனுஷங்க கண்டுபிடிச்சிடுவாங்கன்னு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தோட ஒளிபரப்புப் பரிந்துரை சொல்லுது. நிறைய வீடியோ ஆப்கள் படத்தையும் அதே அளவு தாமதிச்சுச் சமாளிக்கும். எடிட்டிங் ஆப், கேம்ஸ்ல அது நடக்கிறது கஷ்டம்.

தீர்வு: ஒயர் இயர்போன். பழைய போன்ல ஜாக் இருக்கிறது இங்க லாபம். டவுன்லோடு பண்ண படம்னா விஎல்சி பிளேயர்ல ஆடியோ டிலேயை மாத்தலாம். கம்ப்யூட்டர் விஎல்சியில ஜே, கே பட்டன்கள் ஒவ்வொரு அழுத்தலுக்கும் 50 மில்லிசெகண்ட் நகர்த்தும்.

போகப்போக அதிகமானா: ரெண்டு காரணம்

ஒண்ணு, போன் திணறுது. ஃப்ரெண்டோட புது போன்ல எடுத்த வீடியோ எச்.265 ஃபார்மட்ல இருக்கலாம். பழைய சிப்புக்கு அது பாரம். சவுண்டு ஓடும், படம் பின்தங்கும். எச்.264ல, 720பி அல்லது 1080பி-யில அனுப்பச் சொல்லுங்க. ஐபோன்னா கேமரா செட்டிங்ல 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வச்சா போதும். எம்எக்ஸ் பிளேயர்ல டிகோடரை மாத்திப் பாருங்க. சார்ஜ் போட்டுக்கிட்டே பார்க்காதீங்க. சூடானா சிப் வேகத்தைத் தானே குறைச்சுக்கும்.

ரெண்டாவது காரணம் போடிநாயக்கனூர் பக்கத்து ஆட்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும். லீவுக்கு ஊருக்குப் போய், போடிமெட்டு ஏறி, வீட்டு ஏலக்காயை நேரடியா விக்க ஒரு வீடியோ எடுக்கறீங்க. ஏலச்செடி மர நிழல்ல வளர்ற பயிர். மத்தியானம்கூட அடியில வெளிச்சம் கம்மி, மூடுபனி வந்தா இன்னும் மோசம். வெளிச்சம் பத்தாதப்போ போன் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக நேரம் எடுத்துக்கும். செகண்டுக்கு 30 ஃபிரேம்னு ஆரம்பிச்சது அங்கங்க குறையும். சவுண்டு மட்டும் அதே வேகத்துல பதிவாகும்.

சில எடிட்டிங் ஆப்கள் இதைக் கவனிக்காம எல்லாத்தையும் 30 ஃபிரேம்னு எடுத்துக்கும். கணக்கு போடுவோம்: சராசரி 29னா, 10 நிமிஷத்துக்கு 17,400 ஃபிரேம். அதை 30 வேகத்துல ஓட்டினா 9 நிமிஷம் 40 செகண்ட்ல படம் முடிஞ்சிடும். சவுண்டுக்கு இன்னும 20 செகண்ட் பாக்கி!

தீர்வு: சொந்த லேப்டாப்ல ஹேண்ட்பிரேக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டு, 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' 30 வச்சு மாத்திட்டு, அப்புறமா எடிட் பண்ணுங்க. அடுத்த தடவை வெளிச்சமான ஓரத்துல நின்னு, ஒரு நிமிஷத் துண்டுகளா எடுங்க. துண்டுக்குத் துண்டு கணக்கு புதுசா ஆரம்பிக்கும்.

வீடியோ கேஒய்சி-யில வந்தா?

பேங்க் அக்கவுண்ட் ஓபன் பண்ண வீடியோ கேஒய்சி-யை ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில அனுமதிச்சது. அதிகாரி நேரலையில கேள்வி கேட்டு, பேசுறது நீங்கதானான்னு பார்ப்பார். கால் கட் ஆனா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

மலையில சிக்னல் பலவீனமா இருந்தா ஆப் பேச்சைத்தான் முதல்ல காப்பாத்தும். படம் உறைஞ்சு நின்னு, அப்புறம் தாவும். இது நெட்வொர்க் பிரச்சினை. 50,000 ரூபாய் போனும் அதே இடத்துல தடுமாறும். அதனால கீழ டவுனுக்கு வந்தோ, வீட்டு வைஃபையிலயோ பண்ணுங்க. மத்த ஆப்களை மூடுங்க, ஒயர் இயர்போன் போடுங்க. விபிஎன் இருந்தா ஆஃப் பண்ணுங்க. நீங்க இந்தியாவுக்குள்ள இருக்கீங்களான்னு லொகேஷனையும் அவங்க சரிபார்ப்பாங்க.

அப்போ எப்பதான் மாத்தணும்?

* செக்யூரிட்டி அப்டேட் நின்னு ரொம்ப நாளாச்சுன்னா. செட்டிங்ஸ்ல கடைசி தேதியைப் பாருங்க. யூபிஐ-யும் பேங்க் ஆப்பும் இதே போன்லதான் இருக்கு.
* பேங்க் ஆப்பே 'இந்த வெர்ஷனுக்கு சப்போர்ட் இல்ல'ன்னு சொன்னா.
* பேட்டரி உப்பினா. உடனே பயன்பாட்டை நிறுத்துங்க, சார்ஜ் போடாதீங்க. பேட்டரி மட்டும் மாத்தினா போதுமான்னு சர்வீஸ் சென்டர்ல கேளுங்க.

இதுல எதுவும் இல்லாம சவுண்டு மட்டும் பிந்துதுன்னா, ஒயர் இயர்போனுக்குச் சில நூறு ரூபாய் போதும். அந்த மாசம் 2,000 ரூபாயை எமர்ஜென்சி ஃபண்டுல போட்டு வைங்க. 9 மாசத்துல 18,000 ரூபாய் கையில நிக்கும். போன் நிஜமாவே செத்துப்போற அன்னைக்கு முழுப் பணமும் கட்டி வாங்கிக்கலாம்.