மூன்று ராத்திரி படுத்திருந்தாலும் 'அட்மிட்' இல்லை!

'நர்சிங் ஹோம்' என்றால் நம்மூரில் டாக்டர் ஒருவர் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி. நம்மில் பலர் பிறந்ததே அங்கேதான். அமெரிக்காவில் அதே பெயர் வேறு இடத்தைக் குறிக்கும். இடுப்பு எலும்பு முறிந்தோ பக்கவாதம் வந்தோ ஆஸ்பத்திரியில் கிடந்தவர், வீடு திரும்பத் தெம்பு வரும்வரை நர்ஸ் கவனிப்பும் பிசியோதெரபியும் பெறும் இடம் அது. அங்கே முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் காகிதங்களில் 'ஸ்கில்டு நர்சிங் ஃபெசிலிட்டி' என்றிருக்கும். பிள்ளைகளோடு குடியேறிய நம்மூர்ப் பெற்றோர், 65 வயதைத் தாண்டி, கிரீன் கார்டோடு 5 வருடம் தொடர்ந்து அங்கே வசித்திருந்தால், பணம் கட்டி மெடிகேரில் சேரலாம். அதனால் எடிசன், டாலஸ் போன்ற அமெரிக்க ஊர்களின் தமிழ் வீடுகளுக்கும் நர்சிங் ஹோம் தேடும் வேலை வரும்.

வரும்போது திடீரென்றுதான் வரும். ஆஸ்பத்திரி ஊழியர் ஒரு பட்டியலை நீட்டி, "நாளைக்குள் சொல்லுங்கள்" என்பார்.

அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "அம்மாவை இன்பேஷன்டாகச் சேர்த்திருக்கிறீர்களா, அப்சர்வேஷனில் வைத்திருக்கிறீர்களா?" அதே கட்டில், அதே ஊசி, அதே கஞ்சி. ஆனால் அப்சர்வேஷனில், அதாவது முறைப்படி அட்மிட் செய்யாமல் கண்காணிப்பில் மட்டும், கழிந்த நாள் கணக்கில் சேராது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும் நாளை விட்டுவிட்டு, தொடர்ந்து 3 நாள் இன்பேஷன்டாக இருந்தால்தான் அரசின் நேரடி மெடிகேர் நர்சிங் செலவை ஏற்கும். முதல் 20 நாள் முழுதாக. 21 முதல் 100 வரை தினமும் ஒரு தொகை நம் கையிலிருந்து. 2025இல் அது 209.50 டாலர். அதன்பிறகு எல்லாம் நம் பாடு. தனியார் நிறுவனம் நடத்தும் மெடிகேர் 'அட்வான்டேஜ்' திட்டம் என்றால் விதிகள் வேறு. முன் அனுமதி கேட்பார்கள்.

இனி இடம். மெடிகேரின் 'கேர் கம்பேர்' தளம் ஒவ்வொரு நர்சிங் ஹோமுக்கும் 5 நட்சத்திரம் வரை போடுகிறது. தரக் குறியீடுகளில் ஒரு பகுதி அந்த இடமே கொடுக்கும் விவரம். பரீட்சைத் தாளை எழுதியவனே திருத்தினாற்போல. ஊழியர் எண்ணிக்கையோ சம்பளப் பதிவேட்டிலிருந்து வருவது. நான் நம்புவது அதைத்தான், அதிலும் சனி, ஞாயிறு கணக்கை.

நேரிலும் சனிக்கிழமை சாயங்காலம், சாப்பாட்டு வேளையில் போங்கள். வரவேற்பறைப் பியானோவில் மயங்க வேண்டாம். அறை வாசலில் எரியும் அழைப்பு விளக்கு அணைய எத்தனை நிமிடம் ஆகிறது? சாப்பாட்டுத் தட்டு கைக்கு எட்டும் தூரத்திலா இருக்கிறது? அரசு ஆய்வறிக்கையை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது சட்டம். எங்கே என்று கேளுங்கள். வீட்டு ரசம் சாதம் கொண்டுவரலாமா என்றும் கேட்டுவிடுங்கள். பக்கவாதத்துக்குப் பின் ஆங்கிலம் மறந்து தமிழ் மட்டும் மிஞ்சுகிறவர்கள் உண்டு. 'வலி', 'தண்ணி', 'பாத்ரூம்' என்ற சொற்களை ஆங்கில எழுத்திலும், அர்த்தத்தோடு, எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள்.

சேர்க்கும் நாளில் ஒரு கட்டுக் காகிதம் வரும். "அம்மா கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்" என்ற உறுதிமொழி அதில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அதைக் கேட்டு இடம் மறுக்க அவர்களுக்கு உரிமையில்லை.