கண்ணளவு போதாது: பிரசவ ரத்தப்போக்கை அளக்கும் அறிவியல்

மாணவர்களே, ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். அரை லிட்டர் தண்ணீரில் சிவப்பு ரோஸ் சிரப் கலந்துகொள்ளுங்கள். குளியலறைத் தரையில் பழைய துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் அந்தத் தண்ணீரை ஊற்றுங்கள். பிறகு வீட்டில் உள்ளவர்களை ஒவ்வொருவராக அழைத்து, "எவ்வளவு ஊற்றியிருப்பேன்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள்?

வீட்டில் இது விளையாட்டு. பிரசவ அறையில் இதே கேள்விக்குத் தவறான விடை கிடைத்தால், ஒரு தாயின் உயிர் போகலாம்.

பிரசவத்தின்போது ஓரளவு ரத்தம் வெளியேறுவது இயல்பு. அதற்கு உடல் முன்கூட்டியே தயாராகிறது. கர்ப்ப காலத்தில் தாயின் ரத்த அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. ஆனால், குழந்தை பிறந்து 24 மணி நேரத்துக்குள் 500 மில்லிலிட்டரோ அதற்கு மேலோ ரத்தம் போனால் அது மிகை ரத்தப்போக்கு. உலகில் பிரசவத்தையொட்டித் தாய்மார்கள் இறப்பதற்கு இது முக்கியக் காரணம். ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் இதனால் உயிரிழக்கின்றனர்.

வலைப்பை போன்ற தசை

கருவில் இருக்கும் குழந்தைக்கு உணவும் உயிர்வாயுவும் நஞ்சுக்கொடி வழியாகச் செல்கின்றன. நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் ஒட்டியிருக்கும். கர்ப்பத்தின் இறுதியில் நிமிடத்துக்கு அரை லிட்டர் அல்லது அதற்கும் கூடுதலான ரத்தம் கருப்பைக்குப் பாய்கிறது. குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடி பிரிந்து வந்துவிடும். அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் திறந்து கிடக்கும். அவற்றை மூடுவது எது?

கருப்பையின் தசைதான். சந்தையில் வெங்காயம் விற்கும் வலைப்பையைப் பார்த்திருப்பீர்கள். அதை இழுத்தால் அதன் கண்கள் இறுகி மூடிக்கொள்ளும். கருப்பைத் தசையின் இழைகளும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கின்றன. ரத்தக்குழாய்கள் அவற்றின் ஊடே செல்கின்றன. தசை சுருங்கும்போது குழாய்கள் நெரிபட்டு அடைபடுகின்றன. பிறகு ரத்தம் உறைந்து அந்த அடைப்பை உறுதியாக்குகிறது.

சில வேளைகளில் தசை சோர்ந்துபோய்ச் சுருங்காமல் இருந்துவிடும். மிகை ரத்தப்போக்கில் ஏறக்குறைய 70 விழுக்காடு இதனால்தான் ஏற்படுகிறது. பிறப்புப் பாதையில் கிழிசல், நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்குவது, ரத்தம் சரியாக உறையாதது ஆகியவை மற்ற காரணங்கள். முன்பு எந்தச் சிக்கலும் இல்லாத தாய்க்கும் இது நேரலாம். அதனால்தான் ஒவ்வொரு பிரசவத்திலும் கவனம் தேவை.

கோடு போட்ட விரிப்பு

நீண்ட காலமாக, வெளியேறிய ரத்தத்தைக் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டனர். ஆனால் ரத்தம் துணியில் ஊறுகிறது, விரிப்பில் பரவுகிறது, பனிக்குட நீரோடு கலக்கிறது. அதோடு, ஆரோக்கியமான இளம் தாயின் உடல் நிறைய ரத்தத்தை இழந்த பிறகும் ரத்த அழுத்தத்தைச் சமாளித்து வைத்திருக்கும். அது குறையும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும்.

இதற்கு ஓர் எளிய கருவி உண்டு. தாயின் அடியில் விரிக்கப்படும் பிளாஸ்டிக் விரிப்பு அது. அதன் முனையில் உள்ள பையில் ரத்தம் சேரும். உங்கள் அறிவியல் கூடத்து அளவுக்குவளையைப் போல, அந்தப் பையில் அளவுக் கோடுகள் இருக்கும். 300 மில்லிலிட்டர் கோடு எச்சரிக்கை. 500 மில்லிலிட்டர் கோடு உடனே செயல்படச் சொல்வது.

இந்த விரிப்போடு ஐந்து சிகிச்சைகளையும் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. கருப்பை சுருங்கும்படி வயிற்றின்மேல் தேய்த்துவிடுவது, ஆக்சிடோசின் போன்ற மருந்து கொடுப்பது, ரத்த உறைவு கரையாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் செலுத்துவது, ரத்தநாளம் வழியாகத் திரவம் ஏற்றுவது, ரத்தம் வரும் இடத்தைப் பரிசோதிப்பது ஆகியவையே அந்த ஐந்து. முன்பு ஒன்றைச் செய்து, பலன் தெரியக் காத்திருந்து, பிறகு அடுத்ததைச் செய்வார்கள். இந்த ஆய்வில் அனைத்தையும் ஒன்றாகத் தொடங்கினர்.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் ஏறத்தாழ 80 மருத்துவமனைகளில், 210,000க்கும் மேற்பட்ட பிரசவங்களில் இது சோதிக்கப்பட்டது. முடிவு 2023ல் வெளிவந்தது. வழக்கமான முறையில் மிகை ரத்தப்போக்கில் ஏறக்குறைய பாதிதான் கண்டறியப்பட்டது. புதிய முறையில் அது 93 விழுக்காடு. கடுமையான ரத்த இழப்பு, அதற்கான அறுவை சிகிச்சை, மரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, பாதிப்பு 60 விழுக்காடு குறைந்திருந்தது. அதே ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைத்தது.

இதில் பயன்படும் டிரானெக்சாமிக் அமிலத்தைக் கண்டுபிடித்தவர்கள் உத்தாகோ ஒகமோட்டோ, ஷோசுகே ஒகமோட்டோ என்ற ஜப்பானிய ஆராய்ச்சித் தம்பதியர். அவர்கள் அதைப் பற்றி எழுதியது 1962ல். பிரசவ ரத்தப்போக்கில் 20,000 பெண்களிடம் அதைச் சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2017ல்தான் வந்தது. உத்தாகோ அதற்கு முந்திய ஆண்டு காலமாகிவிட்டார். மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால், ரத்தப்போக்கால் ஏற்படும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் மருந்தின் பலன் சுமார் 10 விழுக்காடு குறைகிறது. சீக்கிரம் அளந்தால்தான் சீக்கிரம் கொடுக்க முடியும்.

வீட்டிலும் கணக்கு வேண்டும்

உங்கள் அக்காவோ அண்ணியோ குழந்தையோடு வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சில வாரங்களுக்கு ரத்தப்போக்கு இருந்து, நாளுக்கு நாள் குறைவது இயல்பு. குறைய வேண்டியது திடீரென்று கூடினால் அது ஆபத்து. ஒரு மணி நேரத்தில் ஓர் அணையாடை முழுவதும் நனைந்தாலோ, பெரிய ரத்தக்கட்டிகள் வந்தாலோ, மயக்கமும் படபடப்பும் இருந்தாலோ காத்திருக்கக் கூடாது.

"பச்சை உடம்புக்காரி, கெட்ட ரத்தம் போகட்டும்" என்று பெரியவர்கள் அன்போடு சொல்லக்கூடும். பாட்டியிடம் வாதாட வேண்டாம். "ஒரு மணி நேரத்தில் எத்தனை மாற்றினீர்கள் அக்கா?" என்று மட்டும் கேளுங்கள். விடை கவலை தந்தால் உடனே பெரியவர்களிடம் சொல்லி, மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை அழையுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்க மருத்துவராக இருக்க வேண்டியதில்லை.