ஆட்டின் ராணிக்கு எந்த ஊர்?

"ஆட்டின் ராணிய எறக்குலே!" என்று பேட்டையில் ஒரு திண்ணைத் தாத்தா கூவுகிறார். கல்லூரியில் படிக்கும் பேரன் சிரிக்கிறான். தாத்தாவுக்கு "ஹார்ட்ஸ்" என்று சொல்லத் தெரியவில்லையாம்!

சிரிக்க வேண்டாம். தாத்தா சொல்வது தப்பு ஆங்கிலம் அல்ல. அது டச்சு!

டச்சுக்காரர்கள் இதயச் சீட்டை "ஹார்ட்டன்" என்பார்கள். நம் வாயில் அது "ஆட்டின்" ஆயிற்று. "ஆடுதன்" என்பவர்களும் உண்டு.

சந்தேகமா? "கிளாவர்" சீட்டை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் "கிளப்ஸ்". அதாவது தடி. படத்தில் தடி எங்கே இருக்கிறது? மூன்று இலைதான் இருக்கிறது! அந்த இலைச் செடிக்கு டச்சு மொழியில் பெயர் "கிளாவர்". நாமும் அதையே சொல்கிறோம். ஆங்கிலேயரை விட நம் தாத்தா சொல்வது படத்துக்குப் பொருத்தம்!

டச்சு இங்கே எப்படி வந்தது? பக்கத்தில்தானே தூத்துக்குடி! 1658-ல் டச்சுக்காரர்கள் அதைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். 1825-ல்தான் ஆங்கிலேயரிடம் விட்டார்கள். கொச்சியிலும் இலங்கைக் கரையிலும் அவர்கள் ஆண்டதுண்டு. கப்பலில் வந்தவர்கள் போய்விட்டார்கள், சொல் தங்கிவிட்டது.

(காசு வைத்து ஆடுவது வேறு கதை. அது வேண்டவே வேண்டாம்!)

இஸ்பேட்டு? மண்வெட்டி என்று நினைக்காதீர்கள். போர்த்துக்கீசிய மொழியில் "எஸ்பாடா" என்றால் வாள்.

டைமன் மட்டும் ஆங்கிலம்.