உடல் சிறைப்பட எத்தனை நாட்கள்?



ஹெரோயின் என்னும் நச்சுத்தூளின் தீமைகளை மறையுரைகளிலும் பாடசாலைக் கூட்டங்களிலும் நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆயினும் பெற்றோர் மனத்தில் எழும் எளிய கேள்வியொன்றுக்குத் தெளிவான விடை அரிதாகவே கிடைக்கிறது. எத்தனை நாட்கள் பாவித்தால் ஒருவரின் உடல் அதற்குக் கட்டுப்படும்? “ஒருமுறை தொட்டாலே முடிந்தது” என்று மேடைகளில் முழங்கப்படுகிறது. நல்லெண்ணத்தில் பிறந்த முழக்கம்தான். ஆனால் அது உண்மையன்று. உண்மையல்லாத அச்சுறுத்தல் ஓர் இளைஞனிடம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

நண்பர்களோடு ஒரு மாலைப்பொழுதில் அவன் முதன்முறையாக அப்புகையை உள்ளிழுக்கிறான். மறுநாள் காலையில் எழுகிறான். நடுக்கம் இல்லை, ஏக்கம் இல்லை. வழமைபோல வகுப்புக்கோ வேலைக்கோ போகிறான். “பெரியவர்கள் சொன்னது பொய்” என்ற முடிவுக்கு வர அவனுக்கு அந்த ஒரு காலைப்பொழுதே போதும். அடுத்த சனிக்கிழமையும் பாவிக்கிறான். அப்போதும் ஒன்றும் நேரவில்லை. ‘மற்றவர்கள்தாம் விழுவார்கள், நான் விழமாட்டேன்’ என்ற எண்ணம் வேரூன்றுகிறது. பின்பு வாரத்தில் இருநாள், மூன்றுநாள், நாள்தோறும். நஞ்சின் தந்திரம் அதன் வேகத்தில் மட்டுமன்று, முதல் சில நாட்களில் அது காக்கும் மௌனத்திலும் இருக்கிறது.

நாள்தோறும் பாவிப்பவரின் உடல் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களுள் ஹெரோயினை எதிர்பார்த்து இயங்கப் பழகிவிடுகிறது. சிலரிடம் ஒரு வாரமளவிலேயே மெல்லிய அறிகுறிகள் தோன்றக்கூடும். தூளின் தூய்மை, அளவு, நாளுக்கு எத்தனை தடவை என்பவற்றைப் பொறுத்து இது கூடிக் குறையும். ஒருமுறை மீண்டு வந்தவர் மறுபடியும் தொடங்கினால் இன்னும் விரைவாகவே பிடிபட்டுவிடுவார்.

இதனை விளங்கிக்கொள்ள நம் உடலின் அமைப்பைச் சிறிது நோக்க வேண்டும். வலியும் அச்சமும் களைப்பும் வருகின்ற வேளைகளில் அவற்றைத் தணிக்கும் பொருட்களை நம் உடல் தானாகவே சுரக்கிறது. இத்தகைய பொருட்களை 1975ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜோன் ஹியூஸ், ஹான்ஸ் கொஸ்டர்லிட்ஸ் என்னும் இரு அறிஞர்கள் முதன்முதலில் இனங்கண்டனர். படைத்தவர் நம் ஒவ்வொருவர் உடலிலும் ஆறுதலின் ஊற்றொன்றை வைத்திருக்கிறார் என்று நான் அதனைப் புரிந்துகொள்கிறேன். அபினிலிருந்து மோர்பினும், மோர்பினிலிருந்து ஹெரோயினும் பெறப்படுகின்றன. ஹெரோயின் மூளையை அடைந்ததும் பெரும்பாலும் மீண்டும் மோர்பினாகவே மாறி, அந்த இயற்கை ஆறுதல் பொருட்களுக்கென அமைந்த பூட்டுகளுள் கள்ளச்சாவியாக நுழைகிறது. அது தருவது இயற்கை தரும் அளவைவிடப் பன்மடங்கு.

கடலோடிகளான நம் குடும்பங்களுக்கு அடுத்த படி எளிதில் விளங்கும். பாய் விரித்த படகை ஒரு பக்கக் காற்று பலமாகச் சாய்க்கும்போது, படகிலுள்ளோர் மறுபக்கம் சாய்ந்து அமர்ந்து அதனை நிமிர்த்துவர். காற்று திடீரென நின்றுவிட்டால் படகு அவர்கள் சாய்ந்த பக்கமே கவிழப் பார்க்கும். மூளையும் இவ்வாறே செய்கிறது. ஹெரோயின் நரம்புகளை மந்தப்படுத்த, விழிப்பையும் இதயத்துடிப்பையும் குடலின் இயக்கத்தையும் ஆளும் பகுதிகள் எதிர்ப்பக்கம் தள்ளத் தொடங்குகின்றன. ஓரிரு வாரங்களில் அந்தத் தள்ளுதல் வழக்கமாகிவிடுகிறது. பின்பு ஒருநாள் தூள் கிடைக்கவில்லையெனில் தள்ளுதல் மட்டும் எஞ்சுகிறது. ஹெரோயின் கண்மணியைச் சுருக்கியது. இப்போது அது விரிகிறது. குடலை அடக்கியது, இப்போது வயிற்றோட்டம். உறக்கம் தந்தது, இப்போது கண்மூட இயலாத இரவுகள்.

இந்தத் தள்ளுதல் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறது என்பதை 1980களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் காட்டின. அப்போது எந்த அபின்வகைக்கும் கட்டுப்பட்டிராத தன்னார்வலர்களுக்கு ஒரேயொரு தடவை மோர்பின் கொடுக்கப்பட்டது. சில மணித்தியாலங்களின் பின் அதன் விளைவை முறிக்கும் நலோக்சோன் என்னும் மருந்தைச் செலுத்தியபோது, அவர்களிடம் மெல்லிய விலகல் அறிகுறிகள் காணப்பட்டன. அதாவது உடல் தன் கணக்கேட்டை முதல் தடவையிலேயே திறந்துவிடுகிறது. ஆயினும் அப்பற்று மறுநாளே கரையக்கூடியது; தானாக வெளியே தெரிவதுமில்லை. “ஒரு தடவையால் ஒன்றும் ஆகாது” என்பாரும், “ஒரு தடவையோடு எல்லாம் முடிந்தது” என்பாரும் இவ்வாறு சரிபாதி தவறுகின்றனர்.

ஊசியால் ஏற்றினாற்றான் ஆபத்து, புகையை இழுப்பது அவ்வளவு பாரதூரமன்று என்ற நம்பிக்கையும் நம்மிடையே உலவுகிறது. நம் நாட்டில் ஹெரோயின் பாவிப்போரில் பெரும்பாலானோர் அதனை ஈயத்தாளில் சூடாக்கிப் புகையாகவே இழுக்கின்றனர் என்பதால் இதனை விட்டுவிட முடியாது. வியட்நாம் போருக்குச் சென்ற அமெரிக்கப் படைவீரர்கள் இதற்குச் சாட்சி. அங்கே ஹெரோயின் மலிவாகவும் தூய்மையாகவும் கிடைத்தது; பெரும்பாலோர் அதனைப் புகைத்தனர். 1971ஆம் ஆண்டில் நாடு திரும்பியோரை லீ ரொபின்ஸ் என்னும் பெண் ஆய்வாளர் விசாரித்தபோது, ஐவரில் ஒருவர் அங்கே தாம் அதற்குக் கட்டுப்பட்டிருந்ததாகக் கூறினர். பணிக்காலமோ வழமையாக ஓராண்டுதான்.

அதே ஆய்வின் மறுபாதி நம்பிக்கை தருவது. அவ்வாறு கட்டுப்பட்டிருந்தோருள், திரும்பிவந்த மூன்றாண்டுகளுள் மீண்டும் அதே நிலைக்கு வீழ்ந்தவர்கள் நூற்றுக்கு 12 பேர் அளவினரே. உடலின் கட்டு அவிழக்கூடியது. ஆனால் அவர்கள் தூள் கிடைத்த மண்ணைக் கடல்கடந்து விட்டு வந்தவர்கள் என்பதை மறக்கலாகாது. நம் பிள்ளை சிகிச்சை முடிந்து அதே ஒழுங்கைக்கு, அதே சந்திக்கு, அதே கைப்பேசி இலக்கங்களுக்குத் திரும்பி வருகிறான்.

இனி, வீட்டில் இது எவ்வாறு தோன்றும்? தடிமனாகத் தோன்றும். கடைசியாகப் பாவித்து 6 முதல் 24 மணித்தியாலத்துள் கொட்டாவி அடுக்கடுக்காக வரும், மூக்கும் கண்ணும் ஒழுகும், தோல் சிலிர்க்கும், வியர்க்கும், நாரியும் கால்களும் உளையும். தாய் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பார், பனடோல் கொடுப்பார், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். பிள்ளையும் அதனைத் தடிமன் என்றே நினைக்கக்கூடும். தனக்கு என்ன நேர்ந்துள்ளது என்பதை முதன்முறை உணராத இளைஞர் பலர். மாலையில் வெளியே போய்வருகிறான். ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் சுகமாகிவிடுகிறது. எந்தத் தடிமனும் ஒரு மணித்தியாலத்தில் மாறுவதில்லை, பெற்றோரே. சில நாட்கள் இடைவிட்டு மீண்டும் மீண்டும் வருவதும், வெளியே போய்வந்ததும் மறைவதுமான தடிமனைக் கண்டால், கண்மணியைப் பாருங்கள். மங்கிய வெளிச்சத்திலும் அது குண்டூசித் தலையளவு சுருங்கியிருந்தால் கேள்வி கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் பல வீடுகள் இடறுகின்றன. “மனம் வைத்தால் விடலாம், உனக்கு மனமில்லை” என்ற சொல்லை நான் நூறு வீடுகளில் கேட்டிருக்கிறேன். கருவுற்ற தாய் ஹெரோயின் பாவித்திருந்தால், பிறக்கும் குழந்தை ஓரிரு நாட்களில் நடுங்கும், ஓயாது வீரிட்டு அழும், பாலருந்த மாட்டாது. அந்தச் சிசுவுக்கு மனமில்லை என்று யார் சொல்வார்? அவ்வாறே கடும் விபத்துக்குப்பின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாட்கள் மோர்பின் பெற்ற நோயாளரின் உடலும் அதற்குப் பழகிவிடுவதுண்டு. வைத்தியர்கள் அளவைப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்துவர். அவர் மோர்பினைத் தேடி அலைவதில்லை. உடலின் பிணைப்பு வேறு. தீங்கு தெரிந்தும் தேடியோடும் அடிமைத்தனம் வேறு. இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன என்பது உண்மை. ஆயினும் வேறுபாட்டை அறியாத வீட்டில், நோயாக நடுங்கும் பிள்ளைக்கு அடிதான் கிடைக்கும்.

இந்த அறியாமைக்குத் திருச்சபையின் புனிதர் ஒருவரே இலக்கானார். சீனாவின் ஹெபெய் மாநிலத்தில் 1834இல் பிறந்த மார்க் ஜீ தியென்சியாங் மதிப்புமிக்க கத்தோலிக்க வைத்தியர். ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தவர். கடும் வயிற்றுநோய்க்காக அபினை மருந்தாக உட்கொண்டு, அதற்குக் கட்டுப்பட்டுப்போனார். பாவசங்கீர்த்தனம் செய்வார், மீண்டும் விழுவார், மீண்டும் வருவார். ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்பக் கூறுபவரிடம் மெய்யான மனந்திரும்புதல் இல்லையென முடிவுசெய்த குருவானவர், அதனை விடும்வரை வரவேண்டாமென்று மறுத்துவிட்டார். அந்தக் குருவைத் தூற்ற எனக்கு மனம் வரவில்லை. போதையின் பிணைப்பை ஒரு நோயாக அறியாத காலம் அது. ஆனால் விளைவு என்னவெனில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மார்க் நற்கருணையின்றி, மன்னிப்பின் வார்த்தையின்றி, திருச்சபையை விட்டகலாமலும் வாழ்ந்தார். 1900ஆம் ஆண்டின் பொக்ஸர் கலவரத்தில் குடும்பத்தாரோடு கைதானபோது விசுவாசத்தை மறுதலிக்க அவர் இணங்கவில்லை. தம்மவருள் எவரும் தனிமையில் இறக்கக்கூடாதென்பதற்காகத் தம்மை இறுதியாகக் கொல்லுமாறு வேண்டினாரென்று கூறப்படுகிறது. 2000ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாம் திகதி, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை ஏனைய சீன மறைசாட்சியரோடு புனிதராக உயர்த்தினார். அபினை அவர் வென்றதாக எவரும் எழுதிவைக்கவில்லை.

போதைப்பொருள் பாவனை பாரதூரமான குற்றமென்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2291ஆம் எண்ணில் தெளிவாகவே கூறுகிறது. அதே நூல் 1735ஆம் எண்ணில், அறியாமையும் பழக்கமும் கட்டுமீறிய பற்றும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கவோ நீக்கவோ கூடுமென்றும் கற்பிக்கிறது. முதலாவதை மட்டும் நினைவில் வைத்திருப்போர் நம்மில் பலர்.

நடைமுறைக்கு வருவோம். விலகல் நோவு இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சமடைந்து, பெரும்பாலும் 4 முதல் 10 நாட்களுள் தணியும். உடல்நலமுள்ள இளைஞருக்கு அது உயிராபத்தாவது அரிது. ஆனால் வாந்தியும் வயிற்றோட்டமும் நீரிழப்பை உண்டாக்கும். அறையில் பூட்டிவைத்து ‘வேர்த்து விடட்டும்’ என்று விடுவதைத் தவிருங்கள். அரசாங்க வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளை நாடலாம்; தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் சிகிச்சை, ஆலோசனை வழங்குகிறது. கருவுற்ற பெண் திடீரென நிறுத்துவது வயிற்றிலுள்ள குழந்தைக்கு ஆபத்து. அவரை உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பத்து நாட்கள் கடந்ததும் வீடு மகிழ்கிறது, நேர்த்திக்கடன் செலுத்தப்படுகிறது. மிகக் கொடிய ஆபத்து அப்போதுதான் வாசலில் நிற்கிறது. படகு நிமிர்ந்துவிட்டது, மறுபக்கம் சாய்ந்திருந்தோர் எழுந்துவிட்டனர். முன்பு தாங்கிய அளவை உடல் இப்போது தாங்காது. பழைய நண்பனின் அழைப்பில் பழைய அளவை ஒருமுறை பாவித்தாலே மூச்சு நின்றுவிடலாம். அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானோரைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வில், விடுதலையான முதல் இரு வாரங்களில் போதைப்பொருள் மிகையால் இறக்கும் அபாயம் ஏனைய மக்களைவிட 129 மடங்காக இருந்தது. சிகிச்சையாலோ சிறையாலோ இடைவெளி ஏற்பட்ட எவருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இதனைப் பிள்ளையிடம் வெளிப்படையாகவே சொல்லுங்கள். சொல்வதால் ஆசை தூண்டப்படும் என்று அஞ்ச வேண்டாம்.

எழுப்ப இயலாத உறக்கம், நீண்ட இடைவெளிவிட்டு வரும் மூச்சு, தொண்டையில் கரகரவென்ற குறட்டை, நீலம் பாய்ந்த உதடு ஆகியவற்றைக் கண்டால் தூங்கட்டுமென்று விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். குடும்ப மானத்தை எண்ணி, உட்கொண்டது எதுவென்பதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். நலோக்சோன் சில நிமிடங்களில் மூச்சை மீட்கவல்லது. ஆனால் அதன் வேலை ஹெரோயினின் வேலை முடியுமுன்னரே ஓய்ந்துவிடக்கூடும். ஆகையால் விழித்தெழுந்த பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டுமென்று அடம்பிடித்தாலும், வைத்தியர் விடைகொடுக்கும்வரை அவனை விடுதியிலேயே இருக்கச் செய்து, பக்கத்தில் நீங்களும் இருங்கள்.