தட்டாரின் முத்திரையே உத்தரவாதம்

17ஆம் நூற்றாண்டு பாஸ்டனில் வங்கி கிடையாது. வியாபாரத்தில் சேர்ந்த ஸ்பானிய வெள்ளிக் காசுகளை வீட்டில்தான் வைத்திருக்க வேண்டும். திருடு போனால் இது என்னுடைய காசு என்று சொல்ல வழியில்லை. எனவே வசதியுள்ளவர்கள் அவற்றைத் தட்டாரிடம் கொடுத்துக் கோப்பையாகவும் கரண்டியாகவும் செய்துகொண்டார்கள். பொறித்த பெயரெழுத்தை வைத்து அடையாளம் காட்டலாம். பணமுடை வந்தால் எடை போட்டு விற்கலாம்.

1652இல் மாசசூசெட்ஸ் காலனி தொடங்கிய நாணயச் சாலையை நடத்திய ஜான் ஹல்லும் அவர் கூட்டாளி ராபர்ட் சாண்டர்சனும் இத்தொழிலின் முன்னோடிகள். சாண்டர்சன் லண்டனில் தொழில் பயின்றவர்.

பாத்திரம் செய்வது பொறுமையைக் கேட்கும் வேலை. காசுகளை மூசையில் உருக்கிக் கட்டியாக வார்த்து, சுத்தியலால் அடித்துத் தகடாக்குவார்கள். தகட்டை வட்டமாக வெட்டி, நடுவில் ஒரு புள்ளி குத்தி, அதை மையமாக வைத்துக் கவராயத்தால் வட்டங்கள் வரைவார்கள். அந்தக் கோடுகளை ஒட்டிச் சுற்றிச் சுற்றி அடிக்க, விளிம்பு மெல்ல மேலெழும்பும். அடிபட அடிபட வெள்ளி இறுகும். விட்டால் விரிசல் விழும். ஆகவே அவ்வப்போது நெருப்பில் காய்ச்சி இளக்கி மீண்டும் அடிக்க வேண்டும். கடைசியில் வழவழப்பான சுத்தியலால் தட்டித் தழும்புகளைச் சமன் செய்வார்கள்.

இங்கிலாந்தில் வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரையிடத் தனி அமைப்பு இருந்தது. காலனிகளில் அது இல்லை. தட்டார் குத்திய தன் பெயரோ முதலெழுத்துகளோதான் தரத்துக்குச் சாட்சி.

காலனித் தட்டார்களில் புகழ்பெற்றவர் பால் ரெவேர். பிரிட்டிஷ் வரிகளை எதிர்த்து மாசசூசெட்ஸ் சபை மற்ற காலனிகளுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. அதைத் திரும்பப் பெறச் சொன்ன உத்தரவுக்கு 92 உறுப்பினர்கள் பணியவில்லை. அவர்களைப் போற்றி 15 பேர் கேட்டுக்கொண்டபடி 1768இல் ரெவேர் ஒரு கிண்ணம் செய்தார். அந்த 15 பேரின் பெயர்களும் விளிம்பைச் சுற்றிப் பொறிக்கப்பட்டுள்ளன. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 1949இல் அதை வாங்கியபோது பள்ளிக் குழந்தைகளும் நன்கொடை கொடுத்தார்கள்.

முத்திரையில் வராத கைகளும் இந்த வெள்ளியில் உண்டு. தொழில் பழகிய சிறுவர்கள் பல பட்டறைகளில் உழைத்தார்கள். சில பட்டறைகளில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினக் கைவினைஞர்களும் உழைத்தார்கள். பட்டறை முதலாளியின் பெயர் மட்டுமே பாத்திரத்தில் ஏறியது. இத்தகைய பாத்திரத்தை எங்காவது காண நேர்ந்தால், பெயருக்குரியவரோடு அவர்களையும் சேர்த்தே நினைத்துப் பாருங்கள்.